ஏரியில் பிடித்த சன்ஃபிஷ்ஷை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவின் தென்பகுதியிலும் குளம், ஏரி, ஓடை எதில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டாலும் முதலில் மாட்டுவது பெரும்பாலும் ஒரு சன்ஃபிஷ்தான். பக்கவாட்டில் தட்டையான உடல், சின்ன வாய், வெயில் பட்டதும் நீலமும் ஆரஞ்சும் பச்சையுமாக மின்னும் செதில்கள். இதைத் தொட்டியில் வளர்க்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

பிடித்த மீனை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவரச் சட்டம் அனுமதிக்கிறதா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மற்றதையெல்லாம் யோசிக்கும் முன் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பல மாநிலங்களில் சன்ஃபிஷ் 'விளையாட்டு மீன்' வகையில் வருகிறது. அதாவது தூண்டிலில் மட்டுமே பிடிக்கலாம், வலையில் பிடித்தால் குற்றம். சில இடங்களில் பிடித்து உண்ணலாம், ஆனால் உயிரோடு எடுத்துச் செல்லக் கூடாது. மீன்பிடி உரிமம் கையில் இருப்பதாலேயே தொட்டியில் வளர்க்க அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

உங்கள் மாநில மீன்வளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த இனம், எந்த முறையில் பிடிப்பது, எத்தனை மீன், வீட்டுத் தொட்டிக்காக என்று நான்கையும் எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும். மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய காரியம். ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறிப் பிடித்த உயிரினத்தை அடுத்த மாநிலத்துக்குக் கொண்டுபோனால், 1900ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அது கூட்டாட்சிக் குற்றமாகிவிடும். பெரும் ஏரிகள் வட்டாரத்தில் 2005-2006 காலத்தில் விஎச்எஸ் என்ற வைரஸ் நோய் பரவிய பிறகு, உயிருள்ள மீனை இடம் மாற்றுவதில் கட்டுப்பாடுகள் கூடின. அந்த நோய் சன்ஃபிஷ்களையும் தாக்கும்.

பிளாக்பேண்டட் சன்ஃபிஷ் வர்ஜீனியா உட்படச் சில மாநிலங்களில் பாதுகாக்கப்பட்ட இனம். அங்கே அதைத் தொடவே கூடாது.

அனுமதி இல்லையென்றால் வருத்தப்படத் தேவையில்லை. குளங்களில் விடுவதற்கென்று பண்ணைகள் சன்ஃபிஷ் குஞ்சுகளை விற்கின்றன. உள்நாட்டு மீன்களை மட்டுமே விற்கும் வியாபாரிகளும் உண்டு. 1972இல் தொடங்கிய நார்த் அமெரிக்கன் நேட்டிவ் ஃபிஷஸ் அசோசியேஷன் இந்த ஆர்வலர்களுக்கான அமைப்பு. உங்கள் மாநில விதிகளில் அனுபவமுள்ளவர்கள் அங்கே கிடைப்பார்கள்.

எந்த இனம் வீட்டுத் தொட்டிக்குச் சரி?

எளிதில் மாட்டும் இனம் பெரும்பாலும் தொட்டிக்கு ஏற்ற இனமாக இருப்பதில்லை. குளத்துக்குக் குளம் கிடைக்கும் 'புளூகில்' என்ற சன்ஃபிஷ் 20 செ.மீ. வரை சாதாரணமாக வளரும். 3 செ.மீ. குஞ்சாக வந்தது இரண்டு மூன்று ஆண்டில் 55 கேலன் தொட்டியில் திரும்ப இடமில்லாமல் நிற்கும். கிரீன் சன்ஃபிஷ் அதைவிட மோசம். அதன் வாய் பெரிது, வாய்க்குள் நுழையும் எதையும் விழுங்கும், நுழையாததைக் கடிக்கும். தனி மீனாக வைக்க முடிந்தால் மட்டும் அதை எடுங்கள்.

முதல்முறை வளர்ப்பவருக்கு எங்கள் தேர்வு புளூஸ்பாட்டட் சன்ஃபிஷ். அட்லாண்டிக் கரையோர மாநிலங்களில், செடி அடர்ந்த, ஓட்டமில்லாத நீரில் வாழ்கிறது. 7-8 செ.மீ.க்கு மேல் போவது அரிது. கருத்த உடலில் வெளிர்நீலப் புள்ளிகள். 75 லிட்டர் பிடிக்கும் 20 கேலன் நீளத் தொட்டியில் ஐந்தாறு மீன்களை நிம்மதியாக வைக்கலாம். குறை ஒன்றுதான்: உருண்டைத் தீவனத்துக்கு எளிதில் பழகாது.

சற்றுப் பெரிதாக, நிறம் பளிச்சென்று வேண்டுமென்றால் தென்கிழக்கு மாநிலங்களின் டாலர் சன்ஃபிஷ், மத்திய மேற்கின் ஆரஞ்ச்ஸ்பாட்டட் சன்ஃபிஷ் இரண்டும் நல்லவை. இரண்டும் 10 செ.மீ. அளவில் நின்றுவிடும். 36 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் உள்ள 40 கேலன் தொட்டி போதும். லாங்இயர் சன்ஃபிஷ் அழகில் இவை எல்லாவற்றையும் மிஞ்சும், ஆனால் அதற்கு 75 கேலன் வேண்டும். பம்ப்கின்சீட் என்ற சன்ஃபிஷ்ஷுக்கும் அதே அளவுதான். பம்ப்கின்சீட் நத்தைகளைத் தொண்டைப் பற்களால் நொறுக்கித் தின்னும். தொட்டியில் நத்தை பெருகித் தொல்லை கொடுத்தால் அது உதவும்.

பிக்மி சன்ஃபிஷ் 3 செ.மீ.தான் இருக்கும், ஆனால் அது வேறு குடும்பம். அதற்கு உயிருள்ள தீனி மட்டுமே பிடிக்கும். இந்தப் பக்கத்தின் குறிப்புகள் அதற்குப் பொருந்தாது.

பிடித்தது எந்த இனம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செவுள் மூடியின் பின்முனையில் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் மடலை முதலில் பாருங்கள். முழுக் கறுப்பு மடலோடு, முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் ஒரு கருந்திட்டும் இருந்தால் புளூகில். மடலின் நுனியில் சிவப்பு அல்லது ஆரஞ்சுப் பொட்டு, கன்னத்தில் அலையலையான நீலக் கோடுகள் இருந்தால் பம்ப்கின்சீட். மடல் நீண்டு, வெள்ளை விளிம்போடு இருந்தால் லாங்இயர். வாய் கண்ணுக்கு நேர் கீழே வரை நீண்டால் கிரீன் சன்ஃபிஷ்.

4 செ.மீ.க்குக் கீழே உள்ள குஞ்சுகளில் இந்த அடையாளங்கள் தெளிவாக இருக்காது. போதாக்குறைக்கு இந்த இனங்கள் ஒன்றோடொன்று கலந்து கலப்பினங்களும் உண்டாகும். கிரீனும் புளூகில்லும் சேர்ந்தது அடிக்கடி காணக்கூடியது. சந்தேகமிருந்தால் துடுப்பை விரித்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மீனைப் பிடித்த இடத்திலேயே உடனே விட்டுவிடுங்கள். இனம் தெரியாமல் எடுத்துவந்தால் அது எவ்வளவு வளரும் என்பதும் தெரியாது.

எப்போது, எப்படிப் பிடிப்பது?

கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும்போது. அந்த ஆண்டுக் குஞ்சுகள் அப்போது 3 முதல் 5 செ.மீ. இருக்கும். நீரும் குளிரத் தொடங்கியிருக்கும், அதனால் பயணத்தில் சாவு குறைவு. இந்த அளவு மீன்கள் தீவனத்துக்கும் மனிதருக்கும் சீக்கிரம் பழகும். உள்ளங்கை நீளப் பெரிய மீன் பல நாள் பட்டினி கிடந்து கண்ணாடியில் முட்டிக்கொண்டே இருக்கும்.

வசந்தத்தின் கடைசியிலும் கோடைத் தொடக்கத்திலும் பிடிக்காதீர்கள். அப்போது ஆண் மீன் கரையோரத்தில் கிண்ணம் போல் குழி தோண்டி முட்டைகளைக் காத்து நிற்கும். அந்த ஆணைத் தூக்கிவிட்டால் சில நிமிடங்களில் மற்ற மீன்கள் அத்தனை முட்டையையும் தின்று தீர்த்துவிடும்.

தூண்டில் என்றால் 12 அல்லது 14ஆம் எண் முள். அதன் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்குங்கள். மண்புழுவை அரை செ.மீ. துண்டாகக் கோத்துக்கொள்ளுங்கள். தக்கை அசைந்ததும் இழுத்துவிட வேண்டும். தாமதித்தால் முள்ளை விழுங்கிவிடும். விழுங்கிய மீனை எடுத்துவராதீர்கள், தூண்டில் நரம்பை வாயருகே வெட்டி அங்கேயே விடுங்கள். வலைக்கு அனுமதி இருந்தால் முடிச்சில்லாத மென்மையான கைவலையைச் செடிகளுக்கு அடியில் விட்டு மேலே தூக்குங்கள். குஞ்சுகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை உடலின் வழவழப்புப் பூச்சை உரித்துவிடும், இரண்டு நாளில் அந்த இடத்தில் பஞ்சு போல் பூஞ்சை வளரும்.

எத்தனை எடுப்பது என்பதைப் பிடிக்கப் போகும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த மீன் மறுபடி ஏரிக்குப் போகக் கூடாது, ஆகவே உபரியாக எடுப்பதற்கு இடமே இல்லை.

வீடு வரை எப்படிக் கொண்டுவருவது?

மூடியுள்ள 5 கேலன் வாளி, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப், அந்தக் குளத்துத் தண்ணீரே பாதி வாளி. 4 செ.மீ. மீன் ஐந்தாறுக்கு இது போதும். வெயில் காலத்தில் ஐஸ் கட்டியைப் பையில் கட்டி வாளிக்கு வெளியே வையுங்கள். தண்ணீருக்குள் போட்டால் வெப்பநிலை சட்டென்று விழும்.

வாளியில் இல்லாமல் மூடிய பையில் பல மணி நேரம் வந்த மீனைத் தொட்டியில் விடும்போது பலரும் தவறு செய்கிறார்கள். பைக்குள் மீன் விடும் கரியமில வாயுவால் நீர் அமிலமாகியிருக்கும். அந்த நிலையில் மீன் கழிவிலிருந்து சேர்ந்திருக்கும் அம்மோனியா அவ்வளவாகக் கெடுக்காது. பையைத் திறந்து காற்று கொடுத்ததும் பிஎச் ஏறும் (அமிலத்தன்மை குறையும்), அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். அதனால் திறந்த பையில் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டுப் பழக்க வேண்டாம். மூடிய பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்யுங்கள். திறந்தவுடன் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைத் தோட்டத்து மண்ணில் கொட்டுங்கள்.

தொட்டியை எப்படித் தயார் செய்வது?

மீன் வருவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே ஃபில்டர் ஓட வேண்டும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அதில் குடியேற அவ்வளவு காலமாகும். 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா போட்டால் 24 மணி நேரத்தில் அம்மோனியாவும், அது மாறும்போது இடையில் உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். நண்பர் வீட்டில் நோயில்லாத தொட்டி இருந்தால், அதன் ஃபில்டர் ஸ்பான்ஜில் பாதியை வாங்கி உங்கள் ஃபில்டரில் வைத்தால் பாதிக் காலத்தில் முடியும்.

சன்ஃபிஷ் நிறையத் தின்னும், நிறையக் கழியும். மணிக்குத் தொட்டி நீரை ஐந்து தடவையாவது சுற்றும் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) வையுங்கள். புளூஸ்பாட்டட்டுக்கு மட்டும் ஓட்டம் பிடிக்காது. அதற்கு ஸ்பான்ஜ் ஃபில்டரே நல்லது. வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பல நகரங்களில் குழாய் நீரில் குளோரினுக்குப் பதில் குளோராமின் கலக்கிறார்கள். வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் அது போகாது. குளோராமினையும் அம்மோனியாவையும் கட்டும் மருந்தாகப் பார்த்து வாங்குங்கள்.

மூடி கட்டாயம். முதல் வாரத்தில் இவை குதிக்கும், ஃபில்டர் குழாய்க்காக விட்ட இடைவெளி வழியே கூட வெளியே வந்து விழும்.

ஹீட்டர் தேவையா?

தேவையில்லை. அறை வெப்பமான 18-24 டிகிரி போதும். குளிர்காலத்தில் 12 டிகிரிக்கு இறங்கினாலும் தாங்கும், தீனியை மட்டும் குறைத்துவிடுங்கள். ஆண்டு முழுக்க 27 டிகிரியில் வைத்தால் ஓயாமல் தின்று, ஓயாமல் சண்டையிட்டு, சீக்கிரம் செத்துப்போகும்.

நேராகப் பெரிய தொட்டியில் விடலாமா?

கூடாது. காட்டு மீன் ஒட்டுண்ணி இல்லாமல் வராது. 10 கேலன் தொட்டி, ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, மணல் இல்லாத வெறும் தரை. இதில் ஆறு வாரம் இருக்கட்டும். பெரிய தொட்டியின் வலையையும் குழாயையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

முதல் வாரம் லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு, அதாவது 38 லிட்டருக்கு 76 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துக் கரைத்து, மூன்று தவணையாக ஊற்றுங்கள். இரண்டாம் வாரம் செவுள் புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் பிராசிகுவான்டெல் மருந்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. மருந்து போடும்போது ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். அது மருந்தை உறிஞ்சிவிடும்.

உடலில் வெள்ளைப் புள்ளிகள் மேடாகத் தெரிந்தால் அது இக் நோய். உப்பை இரண்டு நாளில் லிட்டருக்கு 3 கிராமாக ஏற்றி, வெப்பத்தை 28 டிகிரியாக்கி, காற்றைக் கூட்டி, இரண்டு வாரம் அப்படியே வையுங்கள். இதற்கு மட்டும் ஹீட்டர் வேண்டும். புள்ளி மறைந்த அன்றே நிறுத்தினால் நீரில் மிதக்கும் குஞ்சுக் கிருமிகள் மறுபடி ஏறும்.

துடுப்படியில் ஒரு செ.மீ. நூல் போலத் தொங்கினால், நூலின் முனையில் இரண்டு சின்னப் பைகள் இருந்தால், அது நங்கூரப் புழு. சாமணத்தால் சதையோடு ஒட்டிய இடத்தில் பிடித்து மெதுவாக இழுங்கள். பாதியில் அறுந்தால் தலை உள்ளேயே அழுகும். புழுவை எடுத்தாலும் அதன் குஞ்சுகள் நீரில் இருக்கும், அவற்றுக்கு டைஃப்ளுபென்சுரான் என்ற மருந்தைப் போட்டாக வேண்டும். உப்புக்கு அவை சாகாது.

உடலெங்கும் மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளி. இது தொற்றுமா?

தொற்றாது. அது தட்டைப்புழு ஒன்றின் இளம்பருவம், மீனின் தோலுக்குள் கூடுகட்டியிருக்கிறது. அந்தக் கூட்டைச் சுற்றி மீனின் உடலே கரு நிறமியைச் சேர்ப்பதால்தான் புள்ளியாகத் தெரிகிறது. இந்தப் புழு மீன்கொத்தி, கொக்கு போன்ற பறவையின் வயிற்றில் முதிர்ந்து முட்டையிடும். முட்டை எச்சத்தோடு நீரில் விழுந்து, நத்தைக்குள் ஒரு பருவம் வளர்ந்து, பிறகு மீனுக்கு வரும். உங்கள் வீட்டில் பறவை இல்லாததால் சங்கிலி அறுந்துவிடுகிறது. மருந்து எதுவும் வேண்டாம். இதை நோயென்று நினைத்து மருந்தாக ஊற்றித்தான் பலர் மீனைக் கொல்கிறார்கள்.

மூன்று நாளாக ஒன்றுமே சாப்பிடவில்லை. என்ன செய்ய?

பதற வேண்டாம். முதல் இரண்டு நாள் விளக்கை அணைத்து, தீனியே போடாதீர்கள். மூன்றாம் நாள் உயிருள்ள மண்புழுவைக் கழுவி, அரை செ.மீ. துண்டுகளாக ஒன்றிரண்டு. தின்ற பிறகு உறைந்த பிளட்வார்மை (சிறு சிவப்புப் புழுக்கள்) உருக்கி, நீண்ட பிப்பெட்டில் எடுத்து மீனின் முகத்துக்கு முன்னே மெல்ல விடுங்கள். அது அசைந்தால்தான் தீனி என்று மீனுக்குப் புரியும். அடியில் கிடக்கும் புழுவைக் காட்டு மீன் சீந்தாது.

ஒரு வாரம் இப்படிப் போனபின் 1 மி.மீ. உருண்டைத் தீவனத்தை பிளட்வார்ம் உருகிய நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, புழுவோடு கலந்து கொடுங்கள். முதலில் வாயில் வாங்கித் துப்பும். துப்பிய பிறகு மறுபடி எடுத்தால் வழிக்கு வந்துவிட்டது. உருண்டையின் பங்கை நாளுக்கு நாள் கூட்டினால் மூன்று நான்கு வாரத்தில் நீங்கள் தொட்டியருகே வந்தாலே மேலே வந்து காத்திருக்கும். குழுவில் ஒன்று பழகினால் மற்றவை அதைப் பார்த்துப் பழகும். புளூஸ்பாட்டட் உருண்டையைக் கடைசிவரை மறுத்தால் உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்), டாஃப்னியா (நீர்த் தெள்ளு), பிளட்வார்ம் மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

தின்னாதது ஐந்து நிமிடத்தில் வெளியே எடுக்கப்பட வேண்டும். வாரம் ஒரு நாள் பட்டினி நல்லது.

கடையில் மலிவாகக் கிடைக்கும் கோல்டுஃபிஷ் குஞ்சுகளைத் தீனியாகப் போடாதீர்கள். அவற்றின் உடலில் உள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். ஆறு வாரம் தனிமைத் தொட்டியில் வைத்து விரட்டிய ஒட்டுண்ணிகளும் அவற்றோடு திரும்ப வந்து சேரும்.

ஒன்று மற்றவற்றைத் துரத்தித் துரத்திக் கடிக்கிறது. எப்படி நிறுத்துவது?

சன்ஃபிஷ் வளர்ப்பில் நோயைவிடப் பெரிய சிக்கல் இதுதான். இரண்டு மீன் வைப்பது மிக மோசமான எண்ணிக்கை. வலியது மெலியதை நாள் முழுக்க அடிக்கும், அடி பகிர்ந்து போக இடமில்லை. ஒன்று வையுங்கள், இல்லையென்றால் ஐந்துக்கு மேல் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில், ஒரே நாளில் விடுங்கள். பிறகு தனியாகச் சேர்க்கும் மீன் அடிபட்டே சாகும்.

தொட்டியின் ஒரு மூலையில் நிற்கும் மீன் எதிர் மூலையில் நிற்பதைப் பார்க்க முடியாதபடி மரக்கட்டையும் கற்களும் நீர்ப்பரப்பு வரை எழும்பியிருக்க வேண்டும். ஆண் மீன் ஒன்று தரையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிறம் கூடி நிற்கும், அது இயல்பு. மேல் மூலையில் துடுப்பை மடக்கிக்கொண்டு, வெளிறி, வால் கிழிந்து, தீனிக்கும் வராமல் ஒரு மீன் நின்றால் அன்றைக்கே அதைப் பிரித்தெடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் செத்துக் கிடக்கும். அடிக்கும் மீனையே ஒரு வாரம் வேறு தொட்டியில் வைத்து, கற்களை இடம் மாற்றி அடுக்கிவிட்டுத் திரும்ப விட்டால் அதன் ஆதிக்கம் குறையும்.

வேறு மீன், செடி?

வாயில் நுழையும் மீன் எதுவும் கூடாது. வெப்பமண்டல மீன்களும் கூடாது, வெப்பநிலை ஒத்துவராது. ஷைனர் எனப்படும் கெண்டை வகை மீன்களில் பெரியவற்றோடு லாங்இயர் பரவாயில்லை. வேர் பிடிக்கும் செடிகளைப் பெரிய இனங்கள் தோண்டியெறியும். கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்ன், மிதக்கும் ஹார்ன்வோர்ட் இரண்டும் தப்பும். புளூஸ்பாட்டட் தொட்டியில் மட்டும் எவ்வளவு அடர்த்தியாகச் செடி வைக்க முடியுமோ அவ்வளவும் வையுங்கள்.

பெரிதாகிவிட்டால் பிடித்த குளத்திலேயே விடலாமா?

விடவே கூடாது, பிடித்த அதே இடமானாலும். தொட்டியில் சேர்ந்த நோய்க்கிருமி அந்தக் குளத்துக்குப் புதிது, பெரும்பாலான இடங்களில் அப்படி விடுவது சட்டவிரோதமும்கூட. வேறு நீர்நிலையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. 1960இல் சிகாகோ நகர மேயர், அங்கே வந்திருந்த பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்கு புளூகில் மீன்களைப் பரிசாகக் கொடுத்தார். உணவு மீனாக வளர்க்கலாம் என்று கொண்டுபோனது இன்று பீவா ஏரி உட்பட நாடெங்கும் பரவி அந்நாட்டு மீன்களை அழித்துக்கொண்டிருக்கிறது. பேரரசரான பிறகு, 2007இல், அவரே இதற்கு வெளிப்படையாக வருந்தினார். 1952இல் இந்தியாவுக்குள் வந்த திலாப்பியா, ஜிலேபி மீன் என்று பெயர் வாங்கி நம் ஏரி குளங்களை எப்படி நிறைத்தது என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆகவே ஊருக்கு எடுத்துப் போகும் யோசனையும் வேண்டாம். பிரான்ஸ், ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு: பம்ப்கின்சீட் 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊடுருவும் இனப் பட்டியலில் இருக்கிறது. அதை வளர்ப்பதும் விற்பதும் அங்கே தடை.

வைத்திருக்க முடியாத மீனை வேறொரு வளர்ப்பவருக்குக் கொடுங்கள். சட்டம் இடம் தந்தால் பள்ளிக்கோ இயற்கை மையத்துக்கோ கொடுக்கலாம்.

தொட்டியில் முட்டையிடுமா?

இடும், குளிர்காலத்தைக் காட்டினால். இரண்டு மாதம் 10-13 டிகிரியில், நாளுக்கு 8 மணி நேர வெளிச்சத்தில் வையுங்கள். வெப்பமூட்டாத நிலவறை இதற்கு ஏற்ற இடம். பிறகு வாரத்துக்கு 2 டிகிரி ஏற்றி 21-22 டிகிரிக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்தை 14 மணி நேரமாக்குங்கள். 5 செ.மீ. ஆழத்துக்குப் பொடிக்கல் இருந்தால் டாலர், லாங்இயர் ஆண் மீன்கள் வாலால் விசிறித் தன் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு அகலத்துக்குக் குழி பறிக்கும். புளூஸ்பாட்டட் செடிக் கொத்துகளுக்கிடையே இடும்.

முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை அகற்றுங்கள். ஆண் அதை அடித்தே கொன்றுவிடும், பெண்ணும் முட்டையைத் தின்னப் பார்க்கும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்து, மேலும் சில நாள் கழித்துக் குஞ்சுகள் குழியிலிருந்து எழும்பும். எழும்பிய அன்றே மெல்லிய குழாயால் உறிஞ்சி, ஸ்பான்ஜ் ஃபில்டர் மட்டும் உள்ள 10 கேலன் தொட்டிக்கு மாற்றுங்கள். முதல் ஒரு வாரம் ரோட்டிஃபர் (நுண்ணிய நீர்வாழ் உயிர்) அல்லது பச்சை நீர் (நுண்பாசி வளர்ந்த நீர்), அதன்பின் அன்றன்று பொரித்த பிரைன் ஷ்ரிம்ப் (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சு, நாளுக்கு மூன்று முறை. வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் தின்றிருக்கிறது என்று அர்த்தம். ஒரு மாதத்தில் அளவு வித்தியாசம் வந்துவிடும், பெரியது சிறியதைத் தின்னத் தொடங்கும். அப்போது அளவு பார்த்துப் பிரித்துவையுங்கள். நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும் என்பதால், யாருக்குக் கொடுப்பது என்று முடிவாகும் வரை நிலவறைக் குளிர்காலத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது.